ஆஃப்-ரோடு வண்டியில் எந்த வேரியண்ட் வாங்கினால் காசு வீணாகாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டியை முடிவு செய்வது பலருக்குப் பெரிய வேலையாக இருப்பதில்லை. அது ஏற்கெனவே மனதுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். வேரியண்ட் பட்டியலைக் கையில் கொடுத்த பிறகுதான் தலை சுற்ற ஆரம்பிக்கும். மண், பாறை, சேறு, மணல் பக்கம் போகிற எண்ணம் உள்ளவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

ஒரே வண்டிதானே? வேரியண்ட் மாறினால் கரடுமுரடான பாதையில் ஓடுவதும் மாறுமா?

வண்டியைப் பொறுத்தது. சுஸுகி ஜிம்னியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர் வீல் டிரைவ் ஜிம்னியில் கீழ் வேரியண்ட்டைக் குனிந்து பார்த்தாலும் மேல் வேரியண்ட்டைக் குனிந்து பார்த்தாலும் பொதுவாக ஒரே காட்சிதான்: ஏணி போன்ற சேஸிஸ், முன்னும் பின்னும் இரு சக்கரத்தையும் இணைத்து ஒரே தண்டாக ஓடும் ஆக்சில், வண்டியை மிக மெதுவாக, ஆனால் பலமாக இழுக்க வைக்கும் லோ ரேஞ்ச் கியர். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஹெட்லைட்டுக்கும் அலாய் வீலுக்கும் டச் ஸ்கிரீனுக்கும் போகிறது. காட்டுக்குள் இரண்டும் ஒரே வண்டி.

ஜீப் ரேங்ளர் நேர் எதிர். ஸ்போர்ட், ரூபிகான் இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் பெட்டி ஒன்றுதான். அடியில் பார்த்தால் வேறு வேறு. இப்போதைய தலைமுறை ரூபிகானில் முன்னும் பின்னும் டேனா 44 என்ற தடித்த ஆக்சில், இரண்டு டிஃபரென்ஷியலுக்கும் (ஒரு ஆக்சிலின் இரு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) லாக், நாலுக்கு ஒன்று என்ற லோ ரேஞ்ச், பட்டனை அழுத்தினால் பிரிந்துகொள்ளும் முன்பக்க ஸ்வே பார் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி) எல்லாம் கம்பெனியிலிருந்தே வரும். ஸ்போர்ட்டில் ஆக்சில் மெலிந்தது, லோ ரேஞ்ச் 2.72.

மூன்றாவது வகையில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். தோற்றம் முழுக்க ஆஃப்-ரோடு, ஆனால் முன் சக்கரத்துக்கு எஞ்சின் சக்தியே போகாது. மஹிந்திரா தார் 2023 ஜனவரியில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வேரியண்ட்டுகளையும் கொண்டு வந்தது. ஊருக்குள் ஓட்ட நினைப்பவர்களுக்கு நல்ல தேர்வுதான். ஆனால் பெயரையும் உருவத்தையும் மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, ஈரமான மேட்டில் நின்று லோ ரேஞ்ச் லீவரைத் தேடக் கூடாது.

பேஸ் மாடலை வாங்கி, மிச்சப் பணத்தில் வெளியே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டால் மலிவாக முடியாதா?

பாதி விஷயங்களுக்கு முடியும். மீதிப் பாதியில்தான் கணக்கு உதைக்கும்.

டயர், வீல், கூடுதல் விளக்கு, ரூஃப் ரேக், ஸ்கிட் பிளேட் என்ற அடித்தகடு, பாறையில் உரசினால் தாங்கும் பக்கவாட்டு ராக் ஸ்லைடர், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், சீட் கவர், ஸ்டீரியோ. இதெல்லாம் வெளியே கிடைக்கிறது. பல நேரம் கம்பெனி கொடுப்பதைவிடத் தரமாகவும், உங்களுக்கு வேண்டிய அளவிலும் கிடைக்கிறது. இவற்றுக்காக ஒரு வேரியண்ட் மேலே ஏறுவதில் அர்த்தமில்லை.

டிஃப் லாக், அதாவது டிஃபரென்ஷியலுக்கான லாக், அப்படியில்லை. அதைப் பின்னால் மாட்ட வேண்டுமானால் ஆக்சில் தண்டுகளை உருவி, டிஃபரென்ஷியலைப் பிரித்து, உள்ளே இருக்கும் கிரவுன் வீல், பினியன் என்ற பல்சக்கரங்கள் சேரும் இடைவெளியை மீண்டும் நுணுக்கமாக அமைக்க வேண்டும். அந்த இடைவெளி கொஞ்சம் பிசகினாலும் வண்டி ஓடும்போது ஊளையிடும், கொஞ்ச நாளில் பல் தேயும். அழுத்தக் காற்றில் இயங்கும் லாக்கர் என்றால் கம்ப்ரெஸர், குழாய், ஒயரிங் என்று தனி வேலை. கைதேர்ந்த மெக்கானிக் வேண்டும், கூலியும் அதற்கேற்றபடி இருக்கும். அப்புறம் வாரண்டி: அந்த ஆக்சிலில் நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால், வெளியே கை வைத்ததைக் காரணம் காட்டி நழுவுவது கம்பெனிக்குச் சுலபம்.

ஆக்சில் கியர் விகிதம், அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற ஆக்சிலுக்கு வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற எண், இன்னும் மோசம். ஃபோர் வீல் வண்டியில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ஃபோர் வீலில் போட்டதும் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஆக, மாற்றினால் இரண்டையும் மாற்ற வேண்டும். முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், தடித்த ஆக்சில், பெரிய ரேடியேட்டர், ஏர்பேக் எல்லாம் இதே வரிசையில் சேரும்.

எனவே வேரியண்ட் பட்டியலைப் படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: இதைப் பிறகு மாட்ட முடியுமா? முடியாது என்று விழும் வரிகளுக்கு மட்டும் ஷோரூமில் பணம் கொடுங்கள்.

லோ ரேஞ்ச் 4:1, 2.72:1 என்கிறார்கள். அந்த எண்ணுக்காக இவ்வளவு வித்தியாசம் கொடுக்கலாமா?

ரேங்ளர் மேனுவல் கியர்பாக்ஸை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் கியர் 5.13. ரூபிகானில் லோ ரேஞ்ச் 4, ஆக்சில் விகிதம் 4.10. மூன்றையும் பெருக்கினால் சுமார் 84. எஞ்சின் 84 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். லோ ரேஞ்ச் 2.72, ஆக்சில் 3.45 உள்ள வேரியண்ட்டில் அதே பெருக்கல் சுமார் 48 வரும்.

எஞ்சின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 750 சுற்று ஓடுவதாக வையுங்கள். ரூபிகானின் கிட்டத்தட்ட 33 அங்குல டயரில் வண்டி மணிக்கு 1.4 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும். மற்றதில் சுமார் 2.3 கிலோமீட்டர். காகிதத்தில் ஒன்றுமில்லாத வித்தியாசம். முன் சக்கரம் ஒரு பாறையின் உச்சியில் ஏறி நின்று, அடுத்து எங்கே இறங்கப் போகிறது என்று தெரியாத அந்த நொடியில், முதல் வண்டிக்காரர் கிளட்ச்சையும் பிரேக்கையும் தொடாமல் உட்கார்ந்திருப்பார். இரண்டாமவர் கிளட்ச்சை அரைத்துக்கொண்டிருப்பார். கருகிய வாசனை எந்த வண்டியிலிருந்து வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இது பாறைக்கான எண். மணலில் வண்டிக்கு வேகமும் உந்தமும் வேண்டும். அங்கே 4:1 லோ ரேஞ்ச் பல நேரம் இடைஞ்சல். கியர் போட்டுப் போட்டு மேலே போவதற்குள் வேகம் செத்துவிடும். பாலைவனமும் கடற்கரையும்தான் உங்கள் பக்கம் என்றால் 2.72 தாராளமாகப் போதும், அந்தப் பணத்தை டயரிலும் சஸ்பென்ஷனிலும் போடலாம். ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்களுக்கும் இந்த எண்ணின் கடுமை கொஞ்சம் குறைவு, கிளட்ச்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் நடுவில் நின்று வேகத்தை மென்மையாக்கிவிடும்.

டிராக்‌ஷன் கன்ட்ரோல் எல்லா வேரியண்ட்டிலும் வருகிறதே, டிஃப் லாக் எதற்கு?

சாதாரண டிஃபரென்ஷியல், எளிதாகச் சுற்றும் சக்கரத்தின் பக்கமே சாயும். குறுக்கும் நெடுக்குமான பள்ளத்தில் இறங்கினால் இடது முன் சக்கரமும் வலது பின் சக்கரமும் காற்றில் தொங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் தொங்குகிற இரண்டும் ஜாலியாகச் சுற்றும். தரையில் அழுத்திக்கொண்டிருக்கும் மற்ற இரண்டும் அசையாது. ஃபோர் வீல் டிரைவ் போட்டும் வண்டி நகராது.

இப்போது டிராக்‌ஷன் கன்ட்ரோல் வேலை செய்கிறது. சுற்றும் சக்கரத்தைத் தனியாக பிரேக் பிடித்து, சக்தியை அடுத்த பக்கம் தள்ளுகிறது. அடியில் கடகடவென்று சத்தம் கேட்கும், வண்டி ஒரு குலுக்கு குலுக்கி ஏறிவிடும். பத்தில் ஏழெட்டு இடத்தில் இது போதும் என்றே சொல்வேன். ஜிம்னி இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு எங்கெங்கோ ஏறிவிடுகிறது. குறை என்னவென்றால், சக்கரம் முதலில் சுற்ற வேண்டும், பிறகுதான் பிரேக் பிடிக்கும். ஈரக் களிமண்ணில் அந்த ஒரு சுற்றிலேயே பள்ளம் பறிந்துவிடும். நீண்ட ஏற்றத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் பிரேக்கும் சூடேறும்.

லாக் போட்டால் இரண்டு சக்கரமும் ஒரே தண்டு. சுற்றுவதற்கு முன்பே பிடி கிடைக்கும். அடிக்கடி கரடுமுரடான இடத்துக்குப் போகிறவர் என்றால் பின்பக்க லாக் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். முன்பக்க லாக் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பொழுது விடியும். அதைப் போட்டவுடன் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், திருப்பவே முடியாது. அதனால் முன் லாக் வைத்திருப்பவர்களிலும் பலர் அதைத் தொடுவது அபூர்வம். முன் லாக்குக்காக மட்டும் ஒரு வேரியண்ட் மேலே போக வேண்டியிருந்தால் நான் போக மாட்டேன்.

டாப் மாடல் என்றால் எல்லாவற்றிலும் டாப்தானே?

இல்லை. பல கம்பெனிகளில் வேரியண்ட் ஏணி ஒரு இடத்தில் இரண்டாகப் பிரிகிறது: ஒன்று சொகுசுப் பக்கம், மற்றது காட்டுப் பக்கம். விலையில் மேலே இருப்பது காட்டில் கீழே இருக்கலாம்.

டொயோட்டா ஃபோர்ரன்னரின் ஐந்தாம் தலைமுறை, அதாவது 2024 வரை வந்த வண்டி, இதற்கு நல்ல உதாரணம். டிஆர்டி ஆஃப்-ரோடு வேரியண்ட்டில் பின் டிஃப் லாக் உண்டு, இறக்கத்திலும் ஏற்றத்திலும் வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் கிரால் கன்ட்ரோல் உண்டு. அதைவிட விலை கூடிய லிமிடெட்டில் இரண்டும் கிடையாது. தோல் சீட் உண்டு, எப்போதும் இயங்கும் ஃபோர் வீல் டிரைவ் உண்டு, 20 அங்குல வீல் உண்டு. மழையிலும் பனியிலும் தார் ரோட்டில் நீண்ட தூரம் போகிறவருக்கு லிமிடெட் பொருத்தமான வண்டி. பாறைக்குப் போகிறவர் அதிகம் கொடுத்துக் குறைவாக வாங்கிக்கொண்டு வருகிறார்.

அந்த 20 அங்குல வீல் தனிக் கதை. லிமிடெட்டின் டயர் 245/60 ஆர்20, ஆஃப்-ரோடு வேரியண்ட்டின் டயர் 265/70 ஆர்17. வெளி விட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே, சுமார் 80 சென்டிமீட்டர். ஆனால் வீல் விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் முதலாவதில் 147 மில்லிமீட்டர், இரண்டாவதில் 185. காற்றைக் குறைத்து மணலில் போகும்போது பரந்து கொடுப்பதும், கூர்மையான கல்லில் இடித்தால் வாங்கிக்கொள்வதும் அந்த ரப்பர்தான். பெரிய வீல் போட்ட டாப் மாடலை வாங்கியவர்கள் முதல் வேலையாகச் சிறிய வீல் தேடி அலைவது உண்டு. தேடுவதற்கு முன் ஒன்று பாருங்கள்: டாப் மாடலில் பிரேக் டிஸ்க்கும் பெரிதாக இருந்தால் சிறிய வீல் உள்ளே போகவே போகாது.

கீழ் வேரியண்ட்டே காட்டுக்கு மேலாக இருப்பது உண்டா?

உண்டு. ஃபோர்டு பிராங்கோ 2021-இல் திரும்பி வந்தபோது பிளாக் டைமண்ட் என்ற வேரியண்ட் பட்டியலின் நடுவாக்கில்தான் இருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடிய ரப்பர் தரை, தண்ணீர் வெளியேற அடியில் துளை, படகில் போடுவது போன்ற வினைல் சீட், இரும்பு பம்பர், பின் லாக். சேற்றுக் காலோடு ஏறுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? விலை உயர்ந்த வேரியண்ட்டின் கம்பளத்தில் ஒரு முறை சேறு ஊறிவிட்டால், காய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இரும்பு வீலையும் யாரும் மதிப்பதில்லை. அலாய் வீல் பலமாக அடிபட்டால் விரிசல் விடும். இரும்பு வீல் பெரும்பாலும் நெளியும், நெளிந்ததைச் சுத்தியலால் தட்டி வீடு வந்து சேரலாம். கனம் கூடுதல், அழகு குறைவு, அவ்வளவுதான். துணிச் சீட், கையால் சுற்றும் டயல், நீட்டிக்கொண்டிருக்காத பம்பர் எல்லாம் இந்த வரிசையில் வரும்.

ஆஃப்-ரோடு பேக்கேஜ் என்று தனியாக விற்கிறார்களே, அது லாபமா?

பெரும்பாலும் அதுதான் இருப்பதிலேயே நல்ல வழி. பிராங்கோவில் சாஸ்குவாட்ச் என்று ஒரு பேக்கேஜ். 35 அங்குல டயர், இரண்டு ஆக்சிலிலும் லாக், 4.70 ஆக்சில் விகிதம், பில்ஸ்டைன் கம்பெனியின் ஷாக் அப்சார்பர், 17 அங்குல வீல் எல்லாம் ஒரே கட்டாக வரும். வண்டி அறிமுகமானபோது அதை அடிமட்ட வேரியண்ட்டிலேயே சேர்த்து வாங்க முடிந்தது. பிறகு மாட்ட முடியாதவை மொத்தமும் கம்பெனி வாரண்டியோடு, சொகுசுக்கு ஒரு காசு கொடுக்காமல். நீங்கள் பார்க்கும் வண்டியில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். விற்பனையாளர் தானாகச் சொல்ல மாட்டார். கையில் நிற்கிற ஸ்டாக்கைத் தள்ளுவதுதான் அவருடைய அவசரம்.

பேக்கேஜ் என்ற பெயரில் ஸ்டிக்கர் விற்பதும் நடக்கிறது. கறுப்பு வீல், பக்கத்தில் பெரிய எழுத்து, சிவப்புக் கொக்கி, சீட்டில் தையல். பட்டியலில் லாக், விகிதம், ஷாக், டயர், அடித்தகடு இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லையென்றால் அது அலங்காரம். பிடித்திருந்தால் வாங்குங்கள், காட்டுக்காக என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

பெரிய டயரை நானே போட்டுக்கொள்கிறேன். அதற்கு எந்த வேரியண்ட் வேண்டும்?

ஆக்சில் விகித எண் பெரியதாக இருக்கும் வேரியண்ட். 31.5 அங்குல டயரிலிருந்து 35-க்குப் போனால் சுற்றளவு 11 சதவீதம் கூடுகிறது. கணினியில் திருத்தாவிட்டால் மீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 111-இல் போகும். எஞ்சினும் அதே அளவுக்கு மூச்சு வாங்கும். 4.10 இருந்தால் சமாளிக்கும், 3.45 இருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் கியரைக் குறைக்க வேண்டும். எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும்.

இதற்கு ஈடாகக் கிடைப்பது 1.75 அங்குல உயரம், அதாவது விட்டத்தில் கூடியதில் பாதி. ஒரே தண்டு ஆக்சில் உள்ள வண்டியில் டிஃபரென்ஷியல் குண்டைத் தரையிலிருந்து தூக்குவதற்கு டயர் தவிர எளிய வழி இல்லை. லிஃப்ட் கிட் போட்டால் பாடிதான் உயரும், அந்தக் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஏர் சஸ்பென்ஷன்?

வண்டியைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கலாம், நெடுஞ்சாலையில் சுகமாக இருக்கும், ஆழமான தண்ணீரில் உதவும். பழசானால் காற்றுப்பை கசியும், செலவு பெரிது, நடுக்காட்டில் சரிசெய்வது கடினம். வாரண்டி முடிவதற்குள் விற்றுவிடுகிறவர் வாங்கலாம். பத்து வருடம் வைத்திருக்கிறவருக்குச் சாதாரணக் காயில் ஸ்பிரிங்தான்.

பாதுகாப்பு வசதிகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பிறகு மாட்ட முடியாதவற்றில், அதுவும் பட்டியலின் தலையில். வாரம் முழுக்க வண்டி ஓடுவது தார் ரோட்டில்தான். பக்கவாட்டு ஏர்பேக், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் போன்றவை கீழ் வேரியண்ட்டில் இல்லை என்றால் லாக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அந்த வேரியண்ட்டைக் கழித்துவிடலாம். உயரமான வண்டி கவிழும் ஆபத்தும் காரைவிட அதிகம். கேமரா மட்டும் விதிவிலக்கு, அதை வெளியே மாட்டிக்கொள்ளலாம்.

சாமான் ஏற்றும் கணக்கில் வேரியண்ட்டுக்குப் பங்கு உண்டா?

உண்டு, ஆனால் யாரும் பார்ப்பதில்லை. வண்டியும் சுமையும் சேர்ந்து இவ்வளவுதான் என்று ஒரு மொத்த எடை வரம்பு இருக்கும். சன்ரூஃப், மின்சார சீட், கனமான வீல் என்று வண்டியின் சொந்த எடை ஏறினால், வரம்பு மாறாதபோது நீங்கள் ஏற்றக்கூடிய சுமை அந்த அளவுக்குக் குறையும். ரூஃப் டென்ட், தண்ணீர், கூடுதல் டீசல், நான்கு பேர், வின்ச் என்று கூட்டிப் பாருங்கள். சில டாப் மாடல்களில் ஆட்கள் ஏறுவதற்கு முன்பே வரம்பு நெருங்கிவிடும்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் மண் பாதையில் போவேன். எனக்கும் இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். லோ ரேஞ்ச் உள்ள ஏதாவது ஒரு கீழ் அல்லது நடு வேரியண்ட், நல்ல ஆல்-டெரெய்ன் டயர், காற்றைக் குறைத்தால் திரும்ப நிரப்ப ஒரு சின்ன கம்ப்ரெஸர், இழுக்க ஒரு ரெகவரி பெல்ட். முன்னும் பின்னும் பலமான இழுவைக் கொக்கி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சப் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும், அல்லது பிடித்திருந்தால் சொகுசு வேரியண்ட்டுக்கே போங்கள். தினமும் உட்காருகிற சீட்டுக்குக் கொடுக்கும் பணமும் வீண் இல்லை.

புதிய பேஸ் மாடலா, பழைய ஆஃப்-ரோடு வேரியண்ட்டா?

விலை ஒன்றாக வந்தால் நான் பழைய ஆஃப்-ரோடு வேரியண்ட்டின் பக்கம். நல்ல பெயர் எடுத்த ஆஃப்-ரோடு வேரியண்ட்டுகளுக்குத் தேடி வருகிறவர்கள் எப்போதும் உண்டு, அதனால் மறுவிற்பனையிலும் அடி குறைவாகவே விழும். ஆனால் உண்மையில் உழைத்த வண்டியா என்று அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். அடித்தகட்டில் கீறல் இருப்பது குற்றமில்லை. டிஃபரென்ஷியல் மூடியில் அடி, ஆக்சில் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு, சேஸிஸில் புதிய வெல்டிங் இந்த மூன்றில் எது இருந்தாலும் விலகிவிடுங்கள். டிஃப் எண்ணெயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. லாக்கைப் போட்டு, மண் தரையில் மெதுவாக வளைத்து ஓட்டிப் பாருங்கள். உள்பக்கச் சக்கரம் மண்ணை இழுத்துக்கொண்டு வர வேண்டும், எடுத்ததும் வண்டி இலகுவாகத் திரும்ப வேண்டும். பல வருடம் யாரும் தொடாத லாக், பட்டனில் விளக்கை எரியவிட்டுவிட்டு உள்ளே சேராமலே இருப்பது சகஜம்.

டெலிவரி எடுக்கும் முன் எதைச் சரிபார்ப்பது?

பேட்ஜை நம்பாதீர்கள். ஒரே பெயர் கொண்ட வேரியண்ட்டிலேயே வருடத்துக்கு வருடம், நாட்டுக்கு நாடு சாமான்கள் மாறும். உங்கள் பெயரில் ஒதுக்கிய அதே வண்டியின் சேஸிஸ் எண்ணுக்கு உரிய விவரத் தாளைக் கேளுங்கள். ஆக்சில் விகிதம், லாக், டயர் அளவு மூன்றும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். பிறகு வண்டிக்குள் ஏறி லாக் பட்டனைத் தேடுங்கள், டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படியுங்கள், ஸ்டெப்னியும் அதே அளவா என்று பின்னால் போய்ப் பாருங்கள். சில வேரியண்ட்டுகளில் நான்கு டயர் ஒரு அளவு, ஸ்டெப்னி வேறு அளவு. பாறைக்கு நடுவில் டயர் கிழிந்த பிறகு அதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்பு கேட்டால், அதே அளவு ஸ்டெப்னி கேட்டு வாங்கப் பேரம் பேசலாம்.